மினிமம் கட்டியவருக்கு ஒரு பொன்னாடை

கடன் வாங்குகிறவர்களைக் கண்டால் தெய்வசிகாமணிக்கு ஆகாது. கச்சிராயபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வக உதவியாளர் அவர். மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். கரும்புப் பணம் கைக்கு வருவதற்குள் பொறுக்கமாட்டாமல், எடைமேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிச்சைமுத்துவிடம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு ஓடுகிற ஊர்க்காரர்களைப் பார்த்து, "வட்டிக்கு வாங்கறவன் வூட்ல அடுப்பு எரியாது" என்பார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அவருடைய சட்டைப் பையில் கிரெடிட் கார்டு இருக்கும்.

கார்டைக் கடன் என்று அவர் நினைக்கவில்லை. அதை அவர் ஒரு மரியாதை என்று நினைத்தார்.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஆய்வகத்தில் பிப்பெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த போன் வந்தது. தேன் தடவிய குரலில் ஒரு பெண், "சார், உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கோம்" என்றாள். அதுவரை அவரை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை. பத்தாம் நாள் கூரியரில் கார்டு வந்தது. பெயர் நீளம் என்பதால் கடைசி எழுத்துகளை வெட்டி 'தெய்வசிகாம' என்ற அளவில் ஆங்கிலத்தில் நிறுத்தியிருந்தார்கள். அதுகூட அவருக்கு அழகாகத்தான் பட்டது. வங்கியின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் கேட்டவருக்கும் ஒரு கார்டு அனுப்பிவிடும்.

முதலில் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வந்தது. அடுத்து மகள் தேவதர்ஷினிக்கு லேப்டாப். பில் அறுபத்திரண்டாயிரத்து நானூறு. அவ்வளவு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அட்டையின் பின்னால் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். அதே தேன் குரல், அல்லது அதன் தங்கை, சொன்னது: "முழுசா கட்டணும்னு அவசியமே இல்ல சார். மினிமம் மூவாயிரத்து நூத்தி இருபது கட்டினா போதும். உங்க வசதிக்குத்தான்."

மாமனார்கூடத் தன்னிடம் இத்தனை பெருந்தன்மையாகப் பேசியதில்லை என்று தெய்வசிகாமணி நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மாதாமாதம் செய்தி வரும். அதில் இரண்டு தொகைகள் இருக்கும். பெரிய தொகையைக் கண் தாண்டிப் போய்விடும், சின்னத் தொகையைக் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே கட்டிவிடுவார். நாற்பத்திரண்டு மாதத்தில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. "நம்ம நாணயம் அப்படி" என்று ஸ்டாஃப் ரூமில் சொல்லிக்கொள்வார்.

தெய்வசிகாமணிக்குக் கார்டு வந்த அதே வாரத்தில் அதே வங்கியின் கார்டு அந்தப் பள்ளியில் இன்னொருவருக்கும் வந்தது. அவர் வேடியப்பன், அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். கல்வராயன் மலையில், வெள்ளிமலையும் தாண்டி ஒரு ஊர். தினமும் மலைப் பஸ்ஸில் வந்து போகிறவர். சாமை, புளி, பலாப்பழம் என்று மலையிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் விலை சொல்லித்தான் தருவார். டீ மட்டும் யார் வாங்கிக் கொடுத்தாலும் குடிப்பார், தான் வாங்கிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அப்படிப்பட்டவர், பில் வந்த அன்றே முழுத் தொகையையும் கட்டிவிடுவார். நேர்மை என்று சொல்லிவிட முடியாது, பயம்தான். மலைமேல் சிக்னல் கிடையாது. ஓ.டி.பி. வராது. ஏறிவிட்டால் மறுநாள் காலை வரைக்கும் வங்கியும் அவரும் வேறு வேறு உலகம். அதனால் சாயங்காலப் பஸ்ஸுக்குள் கணக்கை முடித்துவிட்டுத்தான் படியில் கால் வைப்பார்.

வங்கிக்கு இது பெரிய மனக்கஷ்டத்தைக் கொடுத்தது. மாதம் இரண்டு தடவை கூப்பிடும்.

"சார், நீங்க உரம் வாங்கின பில்ல ஈஸியான மாசத் தவணையா மாத்திக்கலாமே."

"வேணாம்மா."

"ஏன் சார்?"

"பஸ் வந்துடும்மா" என்று வைத்துவிடுவார்.

கடைசியில் அவருடைய கார்டின் வரம்பைப் பாதியாகக் குறைத்தார்கள். கேள்விப்பட்ட தெய்வசிகாமணிக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. "உனக்குக் கார்டு யூஸ் பண்ணவே தெரியலயே வேடி. எனக்குப் பாரு, மூணு தடவ ஏத்திக் குடுத்துக்கிறான்" என்றார்.

"எனக்கு இன்னாத்துக்கு சார் ஏத்தம். மலையே போதும்" என்று சொல்லி, வேடியப்பன் அவர் வாங்கிய டீயைக் குடித்தார்.

போன தை மாதத்தில் விஜயராகவன் என்ற இளைஞன் கூப்பிட்டான். வங்கியின் ரிலேஷன்ஷிப் மேனேஜராம். கள்ளக்குறிச்சியில் ஒரு ஓட்டலில் சிறந்த வாடிக்கையாளர்களுக்குப் பாராட்டு விழா, ஞாயிற்றுக்கிழமை மதியம், குடும்பத்தோடு வரவேண்டும் என்றான். தெய்வசிகாமணி அன்றைக்கே கள்ளக்குறிச்சிக்குப் போய் ஒரு சட்டையும், மனைவி ராதிகாவுக்கு ஒரு பட்டும் எடுத்தார். கார்டில்தான். போக வர வாடகைக் காரும் பேசினார்.

ராதிகா தெருவின் மகளிர் குழுவுக்குச் செயலாளர். பதினான்கு பெண்களின் வரவு செலவை ஒரு நீளமான நோட்டில் பத்து வருடமாக எழுதிவருகிறவள். புதுப்பட்டின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்குங்க நம்மளப் பாராட்டறாங்க? நாம இன்னா செஞ்சோம்?" என்று கேட்டாள்.

"ஒழுங்கா கட்டறோம்ல."

"ஒழுங்கா கட்டறவங்கள எங்க குழுவுல யாரும் சால்வை போட்டுக் கூப்புடறதில்லயே."

"குழுவும் பேங்கும் ஒண்ணா?" என்றார் தெய்வசிகாமணி.

விழா பிரமாதமாக இருந்தது. ஏ.சி. ஹால், குத்துவிளக்கு, மேடையில் சென்னையிலிருந்து வந்த பெரிய அதிகாரி. "நீங்கள் எங்கள் வாடிக்கையாளர்கள் அல்ல, எங்கள் குடும்பம்" என்று அவர் பேசியபோது தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. பெயரை முழுசாக, ஒரு எழுத்தும் வெட்டாமல், மைக்கில் வாசித்தார்கள். பொன்னாடை போர்த்தி, கண்ணாடியில் செய்த ஒரு கேடயத்தைக் கொடுத்து, கூடவே பிளாட்டினம் கார்டு ஒன்றையும் கொடுத்தார்கள். வரம்பு மூன்று லட்சம். ராதிகா கை தட்டினாள், ஆனால் கண் மட்டும் அந்தக் கார்டிலேயே இருந்தது.

பிரியாணியும் ஐஸ்கிரீமும் முடிந்து, பொன்னாடையை எடுக்க மனமில்லாமல் அதோடேயே கை கழுவப் போனார் தெய்வசிகாமணி. தடுப்புக்கு அந்தப் பக்கம் விஜயராகவனும் பெரிய அதிகாரியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்த லேப் அசிஸ்டென்ட்தான் சார் நம்ம ஏரியாவோட டாப் ரிவால்வர். நாப்பத்திரண்டு மாசமா மினிமம் மட்டும். ஒரு நாள் லேட் கிடையாது. ஏமாத்தவும் மாட்டார், முடிக்கவும் மாட்டார்."

"இந்த மாதிரி நூறு பேர் இருந்தா போதும்ப்பா, நமக்குப் போனஸ்" என்றார் பெரியவர். "உன் லிஸ்ட்ல ஒருத்தன் இருந்தானே, மலைக்காரன்?"

"அவனா சார். வேஸ்ட்டு. பில் வந்த அன்னிக்கே முழுசா கட்டிடறான். நாலு வருசத்துல ஒரு பைசா வட்டி வாங்க முடியல அவன்கிட்ட."

தெய்வசிகாமணி ஈரக்கையோடு மேசைக்குத் திரும்பினார். வேடியப்பனை வேஸ்ட் என்றது அவருக்குச் சரியாகத்தான் பட்டது. ரிவால்வர்தான் புரியவில்லை.

"என்னைத் துப்பாக்கின்னு சொல்றாங்க" என்றார் மனைவியிடம், கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் கலக்கமுமாக.

ராதிகா ஐஸ்கிரீம் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். விஜயராகவன் சிரித்துக்கொண்டே எதிரில் வந்தான்.

"தம்பி, ரிவால்வர்னா இன்னா?"

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "அது ஒண்ணும் இல்ல மேடம். எங்க ஆபீஸ் பாஷை. பாக்கிய அடுத்த மாசத்துக்குச் சுத்தி விட்டுக்கினு... அதாவது ரொட்டேஷன்ல வெச்சிருக்கறவங்களை அப்படிச் சொல்லுவோம்."

"சுத்தி விடறதுக்கு நூத்துக்கு எவ்ளோ?"

"மூணே முக்கால்தான் மேடம்."

"வருசத்துக்கா?"

விஜயராகவன் டையைத் தளர்த்தினான். "மாசத்துக்கு."

"அவ்ளோதானா?"

"வட்டிமேல ஜி.எஸ்.டி. மட்டும் தனி மேடம்."

ராதிகா மேசையிலிருந்த கேடயத்தை எடுத்துக்கொண்டு, புருஷனைக் கூட்டிக்கொண்டு வாடகைக் காருக்கு நடந்தாள். வழியில் டிரைவர் கேடயத்தைப் பார்த்து, எந்தப் போட்டியில் ஜெயித்தீர்கள் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தேவதர்ஷினியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். வங்கி ஒவ்வொரு மாதமும் ஈமெயிலில் விவரமாகக் கணக்கு அனுப்பியிருந்தது. அதைத் திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும், பாஸ்வேர்டு எதுவென்று அந்த ஈமெயிலிலேயே எழுதியிருந்தது. நாற்பத்திரண்டில் ஒன்றைக்கூட தெய்வசிகாமணி திறந்ததில்லை. மகள் ஒவ்வொன்றாகத் திறந்து படிக்க, ராதிகா குழு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினாள். முதல் மாதம் கட்டிய மூவாயிரத்து நூற்றிருபதில் அசலில் கழிந்தது முந்நூற்று ஐம்பத்தொன்பது. மீதி வட்டிக்கும் வரிக்கும் போயிருந்தது. பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கிய எதற்கும் ஒரு நாள்கூட அவகாசம் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கியிருந்தது. தெய்வசிகாமணி ஜன்னல் ஓரம் நின்று, பொன்னாடையின் சரிகையை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ராதிகா கூட்டி முடித்தாள்.

"வாங்கினது ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். கட்டினது ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். இன்னும் பாக்கி ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்."

"தப்பா கூட்டியிருப்ப."

"நீங்க கூட்டுங்க."

அவர் கூட்டினார். ஆய்வகத்தில் துளிக்கணக்கில் அமிலம் அளக்கிற கை. இரண்டு தடவை கூட்டியும் ஒரு ரூபாய் மாறவில்லை. நோட்டை மூடி மனைவியிடம் கொடுத்துவிட்டு, செருப்பு மாட்டிக்கொண்டு கோமுகி அணைப் பக்கம் நடந்து போனார். கரையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தவன், "சார், சூடா இருக்கு, கார்டும் வாங்கறோம்" என்று ஸ்வைப் மிஷினைத் தூக்கிக் காட்டினான்.

மனைவி கத்தியிருந்தால் அவருக்குப் பரவாயில்லை. அவள் கத்தவில்லை. குழுவில் ஒரு லட்சம் வரைக்கும் கடன் கேட்கலாம் என்றாள், நூற்றுக்கு ஒரு ரூபாய். அதில்தான் அவருக்கு உயிர் போயிற்று. தன்னை 'சார்' என்று கூப்பிடும் பதினான்கு பெண்கள் முன்னால் போய் நிற்பதா? அதற்குப் பிச்சைமுத்துவே மேல் என்று மறுநாள், பள்ளி விட்டதும், யாரும் பார்க்காத சந்து வழியாக எடைமேடைக்குப் போனார்.

பிச்சைமுத்து நாற்காலி போட்டு உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டான். வரியோடு சேர்த்து மாதம் நாலே காலுக்கும் மேலே என்று தெய்வசிகாமணி சொன்னபோது, வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"நான் மூணு வாங்கறேன் சார். ஊரே என்னைய வாயில போட்டு மெல்லுது. போன வருசம் ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கினு போயி பெஞ்சுல உக்கார வெச்சாங்க. நீங்ககூட அடுப்பு எரியாதுன்னு சொன்னீங்களாம். அவன் நாலே கால் வாங்கறான், வாங்கிக்கினு உங்களுக்குப் பொன்னாடை வேற போடறான். எங்கப்பன் என்னைய நாலெழுத்து படிக்க வெச்சிருந்தா, நானும் டை கட்டிக்கினு கௌரவமா வாங்கியிருப்பேன்."

பிச்சைமுத்து எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான்.

"தரேன் சார். வூட்டுப் பத்திரத்த எடுத்துக்கினு வாங்க."

பத்திரம் ராதிகா பெயரில் இருந்தது. அவர் எழுந்து வந்துவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் மகளிர் குழுக் கூட்டம். கடன் யாருக்குத் தேவையோ அவர் நேரில் வந்து காரணம் சொல்லவேண்டும் என்பது குழுவின் விதி. செயலாளரின் புருஷனுக்கும் விலக்கு இல்லை. பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்த பிறகுதான், தரையே மேல் என்று அவருக்குத் தோன்றியது.

தலைவி தைலம்மாள் கரும்பு வெட்டப் போகிறவள். பேச்சில் சுற்றி வளைக்கத் தெரியாது.

"இன்னாத்துக்கு சார் லட்ச ரூபா?"

"கார்டு பாக்கி கட்ட."

"கார்டுல இன்னா வாங்கனீங்க?"

அவர் சொல்லிக்கொண்டே போனார். ஃபிரிட்ஜ், லேப்டாப், இரண்டு தீபாவளிக்குத் துணி, திருநாவலூர்க் கோயிலுக்குப் போன கார், கள்ளக்குறிச்சி ஓட்டல்களில் சாப்பிட்டது. கடைசியாக, பாராட்டு விழாவுக்காக எடுத்த சட்டையையும் சொன்னார்.

"பாராட்டறதுக்குச் சட்டையும் நீங்களே வாங்கிக்கணுமா?" என்று ஒரு பெண் கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அதனால் இன்னும் சுட்டது.

"மாசாமாசம் கட்டிக்கினுதான இருந்தீங்க" என்றாள் தைலம்மாள். "எப்ப தீரும்னு அவங்கள ஒரு தபா கூட கேக்கலயா?"

"கேக்கல."

"ஏன் சார்?"

பல பதில்கள் அவர் வாய்வரைக்கும் வந்தன. பள்ளிக்கூட வேலை, நேரமில்லை, ஆங்கிலத்தில் இருந்தது. எதையும் சொல்லாமல், "மரியாதையா பேசினாங்கம்மா" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. தைலம்மாள் மட்டும் தலையை ஆட்டி, "அது சரி. எங்கள யாரும் மரியாதையா பேசாததுனால தப்பிச்சோம்" என்று சொல்லிவிட்டு, தீர்மானத்தில் கைநாட்டு வைத்தாள். கடன் ராதிகா பெயரில், இருபத்துநாலு தவணை. கார்டை இரண்டாக வெட்டி நோட்டில் ஒட்டவேண்டும் என்பது நிபந்தனை. பிளாட்டினத்தையும் சேர்த்து.

மீதி முப்பத்தெட்டாயிரம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஸ்டாஃப் ரூமில் விஷயம் கசிந்திருந்தது. வேடியப்பன் மத்தியானம் ஆய்வகத்துக்கு வந்து, ஒரு துணிப்பையை மேசைமேல் வைத்தார். புளி விற்ற காசு.

"வட்டி வேணாம் சார். மாசம் ரெண்டாயிரம், பத்தாம் தேதி. பத்தொம்பது மாசம்."

தெய்வசிகாமணி பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உன்னை நான் என்னென்னவோ பேசியிருக்கேன் வேடி. பேங்குக்காரன் வேற உன்னை வேஸ்ட்டுன்னு சொன்னான்."

"அப்படியா சொன்னான்?" வேடியப்பனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த முதல் விருது அதுதான் என்பதுபோல நின்றார். பிறகு, "அதுவரைக்கும் டீ உங்க கணக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முழுத் தொகையும் ஒரே நாளில் வங்கிக்குப் போய்ச் சேர்ந்தது. கார்டை மூடச் சொல்லித் தெய்வசிகாமணி எழுதிக் கொடுத்ததும் போன்கள் தொடங்கின. நாற்பத்திரண்டு மாதத்தில் கிடைக்காத அன்பு நாலு நாளில் கிடைத்தது. "எங்க சேவையில என்ன குறை சார்?" என்றாள் ஒருத்தி. வருடக் கட்டணம் வேண்டாம் என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது ஆள் இரண்டு லட்சம் தனிநபர் கடன் தருவதாகச் சொன்னான், கடனிலிருந்து வெளியே வந்த மகிழ்ச்சியைக் கொண்டாட. எல்லோரிடமும் அவர், "வேணாம், பஸ் வந்துடும்" என்றே சொன்னார். அடுத்த மாதம் இன்னொரு பில் வந்தது. பில் போட்ட நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடையே ஓடிய வட்டியாம், ஆயிரத்துத் தொள்ளாயிரம். அதையும் கட்டினார். அதற்கடுத்த மாதம் முப்பத்துநாலு ரூபாய். கட்டினார். அதோடு செத்தது.

பங்குனி வெயிலில் ஒரு நாள் விஜயராகவன் பள்ளிக்கே வந்தான். டை, தோல்பை, நெற்றியில் வியர்வை. பைக் இல்லை, டவுன் பஸ்ஸில் வந்திருந்தான். மறுபடி கார்டு விற்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, ஆய்வகக் கதவைப் பாதி சாத்திக்கொண்டே பேசினார் தெய்வசிகாமணி.

"உங்களால என் டார்கெட்டு போச்சு சார். லிஸ்ட்ல முதல் பேரே நீங்கதான். மேலதிகாரிங்க என்னைக் கிழிச்சுட்டாங்க."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

"அதுக்காக வரல சார்." அவன் குரலைத் தாழ்த்தினான். "என்கிட்டயே மூணு கார்டு இருக்கு. ஆரம்பத்துல டார்கெட் பத்தலன்னு என் பேர்லயே போட்டேன். மூணுக்கும் மினிமம்தான் கட்டிக்கினு இருந்தேன். இப்ப சம்பளமே மினிமத்துக்குப் போயிடுது. பைக்க தூக்கிக்கினு போயிட்டாங்க."

தெய்வசிகாமணி கதவை முழுதாகத் திறந்தார். திட்ட வேண்டும் என்று இரண்டு மாதமாக வாய்க்குள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் நிறைய இருந்தன. இருபத்தாறு வயதிருக்கும் பையனுக்கு, சட்டைக் காலர் உள்பக்கம் நைந்திருந்தது.

"எவ்ளோ?"

"மூணே கால் லட்சம் சார்."

"சொல்லித் தர்ற உனக்கேவா?"

"மினிமம் கட்டினா போதும்னு தினம் நூறு பேருக்குச் சொல்றேன் சார். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான்னு ஆயிடுச்சு." அவன் தோல்பையின் வாரைத் திருகினான். "மேடம் குழுவுல ஆம்பளைங்களச் சேத்துப்பாங்களா?"

"மாட்டாங்க. வூட்ல பொம்பளைங்க யார்னா குழுவுல இருக்காங்களா?"

"அம்மா இருக்காங்க. உளுந்தூர்பேட்டைல."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"நான் ஆபீசர்னுதான் சார் தெரியும்."

"அப்ப மொதல்ல அவங்ககிட்ட போய்ச் சொல்லு தம்பி. உக்காந்து நூத்துக்கு எவ்ளோன்னு கேப்பாங்க. மறைக்காம சொல்லு."

விஜயராகவன் டையைக் கழற்றி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, உளுந்தூர்பேட்டைக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டான்.